நீங்களும் பி.இ.டி. சாரும் சேர்ந்தால் ஒரு நடன ஆசிரியர்

கேள்வி:

குமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்கு அப்பால், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. சின்ன வயதில் ஏழு வருடம் பரதம் படித்தேன். ஆரம்ப உருப்படிகளில் ஒன்றான ஜதிஸ்வரம் வரை வந்தது. அரங்கேற்றம் நடக்கவில்லை. இது தெரிந்ததும் தலைமை ஆசிரியை, பள்ளியின் நடனக் குழுவை என் கையில் கொடுத்துவிட்டார். துணைக்கு உடற்கல்வி ஆசிரியர், பி.இ.டி. சார். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. நான் காலைத் தரையில் தட்டிப் பழகும் தட்டடவில் தொடங்கினால், "இது போட்டிக்கு ஆகாது டீச்சர்" என்று சொல்லி அவர் செல்போனில் சினிமாப் பாட்டைப் போட்டு, பார்த்து ஆடச் சொல்கிறார். எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்துப் பிள்ளைகள் எப்படி ஆடுகிறார்கள் பாருங்கள் என்கிறார்.

போன ஆண்டு விழாவுக்கு 15 நாள் இருக்கும்போது வெளியிலிருந்து ஒரு டான்ஸ் மாஸ்டர் வந்தார். எட்டுப் பெண்களைப் பொறுக்கினார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைத் தடிச்சி என்று எல்லார் முன்னாலும் சொல்லி விலக்கினார். நான் அங்கேதான் நின்றேன், ஒன்றும் பேசவில்லை. வராந்தாவின் சிமெண்டுத் தரையில் தினமும் மூன்று மணி நேரம் ஆடியதில் இரண்டு பிள்ளைகளுக்கு முழங்கால் வலி இன்னும் போகவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கெடுக்கிறோம் என்று கணக்கு சார் கோபப்படுகிறார். இந்த வருடமும் அதே மாஸ்டரைக் கூப்பிடலாம் என்று பேச்சு நடக்கிறது. எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தகுதி உண்டா? நாங்கள் இரண்டு பேரும் விலகிக்கொண்டு தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவது நல்லதா? விலக்கப்பட்ட அந்தப் பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பில் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஓர் ஆசிரியை)

பதில்:

அன்புள்ள டீச்சர்,

விலக வேண்டாம். பி.இ.டி. சாரையும் விலக விடாதீர்கள்.

நான் 26 வருடமாக இந்த மாவட்டத்தில் பள்ளி பள்ளியாகப் போய் நடனம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அதாவது, உங்கள் பள்ளிக்கு வந்த அந்த மாஸ்டர் செய்யும் வேலைதான் என் வேலையும். அதனால் என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொழிலுக்கு வந்து ஐந்தாவது வருடம். கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் 20 நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். போன அன்றே எட்டுப் பெண்களை எடுத்தேன். ஒரே உயரம், ஒல்லியான உடம்பு, ஏற்கனவே கொஞ்சம் ஆடத் தெரிந்தவர்கள். ஜன்னலுக்கு வெளியே ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் வந்து நிற்பான். சுவரில் விரலால் தாளம் தட்டுவான், ஒரு தட்டுக்கூட பிசகாது. கவனம் கெடுகிறது என்று அவனை விரட்டினேன். குழுவுக்கு மாவட்ட அளவில் முதல் பரிசு கிடைத்தது. அடுத்த வருடம் அதே பள்ளிக்குப் போனபோது அதே பெண்களை நிற்கவைத்து ஒரு தட்டடவு போடச் சொன்னேன். வரவில்லை. போன வருடத்துப் பாட்டு நாலரை நிமிடமும் அப்படியே வந்தது. அது போக ஒன்றும் தெரியாது. பள்ளியில் இருந்த ஆசிரியர்கள் யாருக்கும் நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று தெரியாது, ஏனென்றால் ஒருவரும் பக்கத்தில் நிற்கவில்லை, நானும் நிற்கச் சொல்லவில்லை. அந்தப் பையன் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தான். இன்றைக்கும் சுவரில் யாராவது விரல் தட்டினால் எனக்கு அவன் நினைவு வரும்.

அன்று எனக்கு விளங்காத ஒன்று இப்போது விளங்குகிறது. 15 நாளில் யாருக்கும் நடனம் சொல்லிக்கொடுக்க முடியாது. ஒரு பாட்டுக்கு ஆட்களை அடுக்க மட்டும்தான் முடியும். அடுக்குவதற்கு ஏற்கனவே தெரிந்த பிள்ளை வேண்டும், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் பிள்ளை வேண்டும். மற்றவர்களை விலக்கித்தான் ஆக வேண்டும். அந்த மாஸ்டர் வாயில் வந்த சொல்லுக்கு மன்னிப்பே கிடையாது, அது வேறு. ஆனால் நல்ல மனசுள்ள ஒருவரைக் கூப்பிட்டு அதே 15 நாளைக் கொடுத்தாலும், மெதுவாகப் பேசி, மரியாதையாக, அதே பிள்ளையை விலக்கத்தான் செய்வார். நாள்கள் கையில் இருப்பது ஜூன் மாதம் முதல் பிள்ளைகளோடு இருக்கும் உங்கள் இரண்டு பேருக்குத்தான். ஓவியத்துக்கும் தையலுக்கும் ஆசிரியர் உள்ள அரசுப் பள்ளிகளை நம் மாவட்டத்தில் பார்த்திருக்கிறேன். நடனத்துக்கென்று ஒருவர் இருந்த அரசுப் பள்ளிக்கு நான் போனதே இல்லை. நீங்கள் விலகினால் அந்த இடத்துக்கு வேறு ஒருவர் வந்து உட்காரப் போவதில்லை. வருடத்துக்கு 15 நாள் மட்டும்தான் அங்கே நடனம் இருக்கும்.

தகுதி பற்றிக் கேட்டீர்கள். அரங்கேற்றம் என்பது மேடை ஏறிய நாள், அவ்வளவுதான். சொல்லிக்கொடுக்கத் தெரிந்ததற்கு அது சான்று ஆகாது. ஜதிஸ்வரம் வரை வந்த ஒருவர் கையில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு மூன்று வருடத்துக்குப் போதுமான சரக்கு இருக்கிறது. சரியாக நிற்பது, முட்டியை மடக்கி நிற்கும் அரைமண்டி, தட்டடவு, நாட்டடவு, மூன்று காலம் என்னும் மூன்று வேகம், திஸ்ரத்திலிருந்து சங்கீர்ணம் வரை ஐந்து தாள நடையைக் கையில் தட்டுவது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை எட்டாம் வகுப்பு முடிக்கும்போது இவ்வளவும் உடம்பில் ஏறியிருந்தால் அது பெரிய காரியம். உங்களுக்கு வராததைத் தொடாதீர்கள். பதம், வர்ணம் போன்ற பெரிய உருப்படிகள் பக்கம் போகவே வேண்டாம். தெரிந்ததைத் திருத்தமாகக் கொடுங்கள். அப்புறம், மேடைக் கலைஞர் பலருக்கு இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. 40 பேரை முன்னால் வைத்துக்கொண்டு, யாருக்கு விளங்கவில்லை என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது. அறிவியல் வகுப்பில் தினமும் அதைத்தான் செய்கிறீர்கள்.

உங்களுக்கே இன்னும் படிக்க ஆசை இருந்தால் வழி இருக்கிறது. மத்திய அரசின் கலாசார வள மற்றும் பயிற்சி மையம், சி.சி.ஆர்.டி. என்பார்கள், 1979ல் டெல்லியில் தொடங்கியது. வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்குக் கலையைப் பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்கப் பயிற்சி தருகிறது. ஹைதராபாத்தில் அதற்கு ஒரு மண்டல மையம் உண்டு. கல்வித்துறை வழியாகப் பெயர் அனுப்ப வேண்டும், தலைமை ஆசிரியையிடம் கேளுங்கள். நன்றாக வரும் பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறை நடத்துவது, 5 முதல் 16 வயது வரை சேர்க்கிறார்கள். இதெல்லாம் கிடைக்கும்வரை, உங்கள் பழைய குரு இருந்தால் ஒரு சனிக்கிழமை வெற்றிலை பாக்கோடு போய் நில்லுங்கள். ஒரு மணி நேரத்தில் உங்கள் அரைமண்டியைத் திருத்திவிடுவார்.

இனி பி.இ.டி. சார். அவரைப் பற்றி நீங்கள் கொஞ்சம் அவசரப்பட்டு எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு என்னவெல்லாம் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். உடம்பைச் சூடாக்கத் தெரியும். எட்டு எண்ணிக்கைக்கு நூறு பிள்ளைகளை ஒன்றாக அசைக்கத் தெரியும், மாஸ் டிரில்லும் லெசிமும் நடத்தியவர்தானே. எந்தப் பிள்ளைக்கு மூச்சு வாங்கும், எது காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது, எதற்குக் கணுக்கால் பலவீனம் என்று உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். வட்டம், கோடு, குறுக்கு என்று மைதானத்தில் ஆட்களை நகர்த்துவது அவருக்குக் கைவந்த வேலை. உங்களிடம் அடவும் தாளமும், அவரிடம் உடம்பும் கூட்டமும். இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு நடன ஆசிரியர் கிடைப்பார். தனித்தனியாக நின்றால் இரண்டு பேரும் பாதிதான்.

சினிமாப் பாட்டைப் பற்றி அவரோடு சண்டை வேண்டாம். பிள்ளைகளுக்கு அது சந்தோஷம், வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். ஆனால் அதுவே பயிற்சியாக ஆகக் கூடாது. காரணத்தை அவருக்கு விளங்கும்படி சொல்லுங்கள். சினிமாவில் ஒரு நடனம் துண்டு துண்டாகப் படம் பிடிக்கப்படுவது. சில நொடி ஆடுவார்கள், வெட்டுவார்கள், மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த துண்டு. அதை நம் பிள்ளை நாலு நிமிடம் ஒரே மூச்சில், பெரியவர்களின் உடம்புக்கு அமைத்த அசைவோடு, செல்போனில் பார்த்தால் வலது எது இடது எது என்ற குழப்பத்தோடு ஆடுகிறது. ஏறிப் போகும் படி அதில் கிடையாது. விளையாட்டுப் பயிற்சி தந்தவருக்கு இது உடனே விளங்கும். நீளம் தாண்டுதலை வீடியோ பார்த்துச் செய்யச் சொல்வாரா அவர்?

இரண்டு பேரும் சேர்ந்து நிற்க ஓர் இடம் வேண்டும். அது உங்கள் ஊரிலேயே இருக்கிறது. களியல்.

பார்த்திருப்பீர்கள். நடுவில் விளக்கு, சுற்றி வட்டமாக ஆட்டக்காரர்கள், கையில் கழி. ஆசான் தாளம் போட்டுப் பாட, அவர்கள் பாட்டை வாங்கிப் பாடிக்கொண்டே கழியைத் தட்டி, குனிந்து, திரும்பி, ஆள் மாறி ஆடுவார்கள். மெல்லத் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். கடைசியில் கழிச் சத்தம் மட்டும்தான் காதில் இருக்கும். நம் குமரி மாவட்டத்துக்கே உரிய ஆட்டம் இது. நான் கேட்ட ஆசான்மார் ராமாயணமும் பாடுவார்கள், வேதாகமக் கதையும் பாடுவார்கள். ஒரே வகுப்பில் கோயிலுக்குப் போகும் பிள்ளையும் சர்ச்சுக்குப் போகும் பிள்ளையும் பள்ளிவாசலுக்குப் போகும் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும் நம் ஊர்ப் பள்ளிக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று யோசித்துப் பாருங்கள். சாமிப் பாட்டு எதுவும் வேண்டாம் என்று ஒரு வீட்டில் சொன்னால், தேரூர்க் கவிமணி குழந்தைகளுக்கு எழுதிய பாடல்கள் இருக்கின்றன. அவரும் ஓர் ஆசிரியர்தான். அந்தப் பாட்டுகள் கழித் தாளத்தில் தானாகப் போய் உட்காரும். நான் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன்.

களியலில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த வட்டம். வட்டத்துக்கு முன்வரிசையும் இல்லை, பின்வரிசையும் இல்லை. கறுத்த பிள்ளையைப் பின்னால் தள்ள முடியாது. தடித்த பிள்ளையை மறைக்க முடியாது. ஒருத்தி கழியை நேரத்துக்குத் தட்டாவிட்டால் பக்கத்தில் இருப்பவளின் கழிக்குப் பதில் கிடைக்காது, அதனால் ஒவ்வொருத்தியும் எல்லாருக்கும் தேவைப்படுகிறாள். ஒல்லியான உடம்புக்கு இதில் தனிச் சலுகை எதுவும் கிடையாது, தாளம் பிடிபட்ட பிள்ளைதான் தெரியும். இன்னொன்று, இது வழிவழியாக ஆண்கள் ஆடிய ஆட்டம். நடனம் என்று சொன்னால் ஓடும் பையன்கள் கழியைக் கண்டால் வருவார்கள். வந்தபின் பெண்பிள்ளைகளையும் அதே வட்டத்தில் நிறுத்துங்கள். ஊரில் யாராவது புருவத்தை உயர்த்தினால் அதைத் தலைமை ஆசிரியை பார்த்துக்கொள்ளட்டும். பெண்பிள்ளைகளின் கும்மியையும் திருவாதிரைக்களி ஆட்டத்தையும் பையன்களும் கற்றுக்கொள்ளட்டும்.

பக்கத்தில் களியல் ஆசான் ஒருவர் கட்டாயம் இருப்பார். ரப்பர் வெட்டுக்குப் போகிறவராக இருக்கலாம், கொத்தனாராக இருக்கலாம். பிள்ளைகளின் தாத்தாமாரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும். அவரைத் தேடிப் போய்க் கூப்பிடுங்கள், மேடையில் நாற்காலி கொடுங்கள், வண்டிச் செலவோடு கையில் ஒரு தொகையும் கொடுங்கள். இலவசமாகக் கூப்பிடாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துப் பேசினால் அதற்கு வழி பிறக்கும். அவர் பாடும்போது நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், சார் செல்போனில் பதிவு செய்யட்டும். கழி வெளியில் வாங்க வேண்டியதில்லை. ஒரு முழ நீளம், பிள்ளையின் கைக்கு அடங்கும் பருமன், சிம்பு இல்லாமல் உரசி எடுத்தது. அவரவர் வீட்டுத் தோட்டத்தில், புரையிடத்தில் கிடைக்கும்.

சூடாக்கும் பயிற்சிக்கும் வெளியே போக வேண்டாம். அடிமுறை என்னும் நம் தற்காப்புக் கலை தெரிந்தவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். சுவடு வைக்கும் முறை இரண்டு மூன்றை சார் கற்றுக்கொண்டு வந்தால் போதும், இடுப்பும் தொடையும் நன்றாகத் திறக்கும். அதன்பிறகு அரைமண்டி சொல்லிக்கொடுப்பது உங்களுக்குச் சுலபமாகிவிடும்.

எல்லைக்கு அந்தப் பக்கத்தைப் பற்றி சார் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. கேரளத்தின் பள்ளிக் கலை விழாவான கலோத்சவம் 1957ல் தொடங்கியது. 1956 நவம்பர் 1ல் நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நானும் ஆசையோடு பார்க்கிற விழாதான் அது. ஆனால் அங்கேயும் பரிசுக்காகப் பெற்றோர் கடன் வாங்கி உடை எடுத்ததும், முடிவை எதிர்த்து அப்பீல் போனதும் பெரிய பேச்சாகி, தனி ஆளுக்குக் கொடுத்துவந்த கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்களைப் பிற்பாடு நிறுத்திவிட்டார்கள். நமக்கு 2022–23ல் கலைத் திருவிழா வந்தது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று நம் பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள். வேண்டிய விழா, தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள். வருடம் முழுக்க 60 பிள்ளைகள் ஆடும் பள்ளியிலிருந்து எட்டுப் பேர் போட்டிக்குப் போகட்டும். இந்த வருடம் எட்டுப் பேர் என்றால் அடுத்த வருடம் வேறு எட்டுப் பேர். மிச்சம் 52 பேரும் ஆண்டு விழாவில் அதே வட்டத்தில் ஆடட்டும்.

கணக்கு சாரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வகுப்பிலிருந்து பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு போவதை முதலில் நிறுத்துங்கள். வாரம் இரண்டு பிரீயட், விளையாட்டு நேரத்திலிருந்து, அது போதும். பத்தாம் வகுப்புக்கு அரையாண்டுத் தேர்வு வரை மட்டும் என்று ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். எழுதிக் கொடுத்ததை மீறாமல் ஒரு வருடம் ஓட்டினால் அவரே உங்கள் பக்கம் வருவார். நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. மைதானம் கிடைக்காத நாளில் வகுப்பறைக்குள் உட்கார்ந்து தாளம், நடை, பாட்டு, முத்திரை என்று வையுங்கள். அந்த நாள்களில் காலுக்கும் ஓய்வு.

முழங்கால் விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். நடனம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் நாங்களே இதில் பல காலம் அசட்டையாக இருந்திருக்கிறோம்.

ஒரு தட்டடவை எட்டு எண்ணிக்கைக்கு மூன்று காலத்திலும் செய்தால் கால் தரையில் படுவது 8, 16, 32 என்று 56 தடவை. பத்துமுறை திரும்பச் செய்தால் 560. சிமெண்டு துளிகூடக் கொடுத்து வாங்காது. அடி முழுவதையும் முன்னங்கால் எலும்பும் முழங்காலும்தான் தாங்க வேண்டும். அதுவும் வளரும் வயதில், எலும்பு வேகமாக நீளும்போது, தொடைத் தசை அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் இழுக்கும். முட்டிச் சில்லுக்குக் கீழே தசைநார் எலும்பில் பிடித்திருக்கும் இடத்தில் வலிக்கும், சில பிள்ளைகளுக்கு அங்கே சின்னதாகப் புடைத்துக்கொள்ளும். பத்து முதல் பதினைந்து வயதுக்குள் இது சாதாரணமாக வருவது. ஆனால் வலியோடு ஆடவைத்தால் நாள்படும்.

இந்த இரண்டு பிள்ளைகளும் இப்போதைக்குத் தட்டவே வேண்டாம். உட்கார்ந்து தாளம் போடட்டும், கையசைவு பழகட்டும். வலியில்லாமல் நடக்க முடிந்தபின் படி ஏறட்டும், அதிலும் வலி இல்லை என்றால் மண் தரையில் மெதுவாகத் தொடங்கட்டும். வீக்கம் இருந்தாலோ, நொண்டினாலோ, ராத்திரி வலித்தாலோ, எலும்பில் ஒரே புள்ளியைத் தொட்டதும் துடித்தாலோ தாமதிக்காமல் தக்கலை அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பெற்றோரோடு அனுப்புங்கள். எண்ணெய் போட்டு உருவினால் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மருத்துவர் பார்த்தபின் மற்றது.

மற்றப் பிள்ளைகளுக்கு வராந்தாவை விட்டு மரத்தடி மண் தரைக்கு மாறுங்கள். கல் பொறுக்கிவிட்டு ஆடலாம். மழை நாளில் சிமெண்டுதான் கதி என்றால் தட்டாமல், பாதத்தை வைத்து மட்டும் பழகட்டும். அரைமண்டியில் பாதத்தை வலிந்து திருப்பாதீர்கள். திருப்பம் இடுப்பிலிருந்து வர வேண்டும். முட்டி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் கால்விரலும் பார்க்க வேண்டும். எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு போதும், முதல் வருடம் பாதி ஆழம் போதும். தினம் மூன்று மணி நேரம் என்பதை இனி யாரும் பேச வேண்டாம். 45 நிமிடம், அதில் முதல் பத்து நிமிடம் சாருடையது.

சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். காலை உணவுத் திட்டம் 5ஆம் வகுப்பு வரைதான். உங்கள் பிள்ளைகள் பலருக்கு அம்மா விடியுமுன்னே ரப்பர் பால்வெட்டுக்குப் போயிருப்பார். அடுப்பு எரிந்திருக்காது. அதனால் காலையில் வெறும் வயிற்றோடு பயிற்சி வேண்டாம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் விட்டு வையுங்கள். தலைசுற்றல், வெளிறிய நாக்கு என்று கண்ணில் பட்டால் வாரம் ஒருமுறை தரும் இரும்புச் சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, ஜன்னலுக்கு வெளியே எறிகிறாளா என்று பாருங்கள். மாதவிடாய் நாளில் ஆடுவதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளையே சொல்லட்டும். காரணம் கேட்காமல் உட்கார விடுங்கள்.

பிள்ளைகளைத் திருத்தும்போது தொடாமல் திருத்தப் பழகுங்கள். உங்கள் உடம்பில் காட்டினால் முக்கால்வாசி விளங்கிவிடும். தொட்டே ஆக வேண்டும் என்றால் கேட்டுவிட்டுத் தொடுங்கள், எல்லார் முன்னிலையில். சாருக்கும் இதுவே விதி, எனக்கும் இதுவே விதி, வெளியிலிருந்து வரும் யாருக்கும் இதுவே விதி. மாஸ்டரோடு பிள்ளைகள் தனியாக ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது. உடை மாற்றும் அறை வாசலில் ஓர் ஆசிரியை நிற்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417 இரண்டையும் பயிற்சி நடக்கும் சுவரில் பெரிதாக எழுதுங்கள். பயிற்சி வீடியோவை யாரும் வெளியில் போட வேண்டாம். கடைசி பஸ் போகும் நேரத்துக்கு அரைமணி முன்னால் முடித்துவிடுங்கள். பெண்பிள்ளையை நிறுத்திவிடும் அப்பாமார்களில் நிறையப் பேருக்குப் பிரச்சினை நடனமே இல்லை, இருட்டியபின் வீடு திரும்பும் பாதைதான்.

உடைக்கு வாடகைக் கடைப் பக்கம் போக வேண்டாம். களியலுக்கு வேட்டியும் தலையில் ஒரு துண்டும், பெண்பிள்ளைகளுக்கு வீட்டில் ஓணத்துக்கு எடுத்த முண்டும் நேரியல் என்னும் மேல்துணியும். இல்லாத பிள்ளைக்கு டீச்சர்மார் வீட்டு அலமாரியில் கட்டாயம் ஒன்று இருக்கும்.

அந்த மாஸ்டரைக் கூப்பிடவே கூடாதா என்றால், யாரையாவது கூப்பிடலாம். என்னைப் போன்றவர்களுக்கும் அதுதான் பிழைப்பு. ஆனால் நிபந்தனை உங்களுடையதாக இருக்கட்டும். ஜூலையில் ஒரு சனிக்கிழமை, செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒவ்வொன்றையும் உங்கள் இருவருக்கும் சொல்லித்தர வேண்டும். பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் வேலை அவருடையது இல்லை. பிள்ளையின் உடம்பைப் பற்றி ஒரு சொல்கூட வரக் கூடாது, வந்தால் அன்றோடு முடிந்தது. இதைத் தலைமை ஆசிரியை வாயால் சொல்லவையுங்கள். ஒத்துக்கொள்கிறவர் வரட்டும்.

சாரிடம் எப்படித் தொடங்குவது என்று தயங்குவீர்கள். ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் வேண்டாம். மைதானத்துக்கு, அவர் இடத்துக்குப் போங்கள். "சார், எனக்கு அடவு தெரியும், 60 பிள்ளைகளைக் கட்டி நிறுத்தத் தெரியாது. நீங்கள் எண்ணுங்கள், நான் காலைப் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். முதல் நாள் அவருடைய விசிலுக்கே தட்டடவு நடக்கட்டும். "தெய்யா தெய்" என்று நீங்கள் சொல்ல, அவர் எண்ணிக்கை சொல்ல, இரண்டும் ஒரே இடத்தில் விழுவதைக் கேட்டால் அவருக்கே ஆர்வம் வந்துவிடும்.

கடைசியாக, அந்தப் பிள்ளை. நீங்கள் கடிதத்தில் அவளைக் கடைசியில் வைத்தாலும் எழுத உட்கார்ந்ததே அவளுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அவளிடம் போய் மாஸ்டரைத் திட்டாதீர்கள். நீ அழகுதான் என்றும் சொல்ல வேண்டாம், மறுபடியும் பேச்சு அவள் உடம்பைப் பற்றியே ஆகிவிடும். தனியாகக் கூப்பிட்டு, "அன்றைக்கு அவர் சொன்னது தப்பு. நான் பக்கத்தில் நின்றும் பேசாமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு" என்று சொல்லிவிடுங்கள். அவள் பதில் சொல்லாமல் போகலாம், போகட்டும். அதன்பிறகு வட்டம் தொடங்கும் நாளில் மற்றவர்களைக் கூப்பிடுவதுபோலவே அவளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பாவம் என்று கைத்தாளத்தைக் கையில் கொடுத்து ஓரமாக உட்காரவைக்க வேண்டாம், உடை எடுத்துக்கொடுக்கும் பொறுப்பும் வேண்டாம். முதல் நாள் வராவிட்டால் இரண்டாம் நாளும் கூப்பிடுங்கள். வரும்போது அவள் கைக்கு ஒரு ஜோடிக் கழி இருக்க வேண்டும். முழ நீளம், சிம்பு இல்லாமல் உரசியது. அதை இந்த வாரமே எடுத்து வைத்துவிடுங்கள் டீச்சர்.